உருபும் இடமும்: ஆங்கில வாக்கியத்தின் அமைப்பு

ஆங்கிலத்தைப் பல ஆண்டுகள் கற்றும் அம்மொழியில் ஒரு சிறு கடிதத்தைப் பிழையின்றி எழுத இயலாதிருக்கும் மாணவர் இந்நாட்டில் அநேகர். ஆரம்ப வகுப்புகளிலே தொடங்கி க.பொ.த. சாதாரண தரம் வரையில் அவர்கள் ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கற்கின்றனர். பெயர்ச்சொல் யாது, வினைச்சொல் யாது என்று வினாவினால் தடையின்றி விடை கூறுகின்றனர். முக்காலத்தின் உட்பிரிவுகளையும் வரிசை தவறாமல் ஒப்புவிக்கின்றனர். ஆயினும், ‘நேற்று எனக்குக் காய்ச்சலாக இருந்தமையாற் பாடசாலைக்கு வர இயலவில்லை’ என்னும் ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுத நேருமிடத்துப் பேனா நின்றுவிடுகிறது. அவ்வாக்கியத்துக்கு வேண்டிய சொற்களெல்லாம் மாணவனுக்குத் தெரிந்தனவே. அவற்றை எந்த வரிசையில் நிறுத்துவது என்பதே தெரியவில்லை.

இது சிறு குறையென்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. சிங்களப் பேச்சு வழக்கில் ஆங்கிலத்துக்குக் ‘கடுவ’ என்றொரு பெயர் உண்டு. வாள் என்பது அச்சொல்லின் பொருள். ஆங்கிலம் தெரிந்தவர் கையில் அது வெட்டும் வாள். தெரியாதவர் தலைமேல் அது தொங்கும் வாள். இப்பெயர் காரணமின்றித் தோன்றியதன்று. 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வருமுன்னர், கட்டணம் செலுத்தி ஆங்கிலப் பாடசாலையிற் கற்றோருக்கே உயர்ந்த உத்தியோகங்கள் பெரும்பாலும் கிடைத்தன. தாய்மொழிப் பாடசாலையிற் கற்ற ஏழைப்பிள்ளைக்கு அக்கதவுகள் மூடியே இருந்தன. பின்னர்ப் படிப்படியாகத் தாய்மொழி போதனாமொழியாயிற்று; ஆங்கிலம் இரண்டாம் மொழியாயிற்று. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழியென்று குறித்தது. பாலமாக அமைய வேண்டிய மொழி இன்னும் பலருக்கு வாளாகவே தோன்றுவது வருந்தத்தக்கது. அவ்வச்சத்தைப் போக்குவதற்கு வழியொன்று உண்டு. தமிழ் இலக்கணத்தை ஓரளவேனும் அறிந்த மாணவனிடத்தில் அதற்குரிய திறவுகோல் முன்னரே இருக்கிறது என்பதே இங்கே எடுத்துரைக்கப்படும் கருத்து.

‘இராமன் இராவணனைக் கொன்றான்’ என்னும் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோர் ஓர் உண்மையைக் காண்பர். அதில் மூன்று சொற்கள் உள. மூன்று சொற்களை ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம். ‘இராவணனை இராமன் கொன்றான்’ என்றாலும், ‘கொன்றான் இராவணனை இராமன்’ என்றாலும், எஞ்சியவற்றுள் எவ்வாறு கூறினும், கொன்றவன் இராமனே, இறந்தவன் இராவணனே. ஓசையும் அழுத்தமும் மாறலாம், பொருள் மாறுவதில்லை. இதற்குக் காரணம் இராவணன் என்னும் பெயரோடு ஒட்டிநிற்கும் ‘ஐ’ என்னும் ஓரெழுத்து. அஃது இரண்டாம் வேற்றுமை உருபு. அப்பெயர் வாக்கியத்தின் எந்த மூலையிலே நின்றாலும், ‘இதுவே செயப்படுபொருள்’ என்று அவ்வுருபு அறிவித்துவிடுகிறது.

இதே செய்தியை ஆங்கிலத்தில் ‘ராமா கில்ட் ராவணா’ என்பர். இங்கே இரு பெயர்களுள் எதனோடும் உருபு இல்லை. கொன்றவன் யார், கொல்லப்பட்டவன் யார் என்பதை உணர்த்துவது எது? இடம் ஒன்றே. வினைச்சொல்லுக்கு முன்னே நிற்பது எழுவாய். பின்னே நிற்பது செயப்படுபொருள். இரு பெயர்களையும் இடம் மாற்றி ‘ராவணா கில்ட் ராமா’ என்று கூறிவிட்டால் இராமன் மாண்டுபோகிறான், காவியமே தலைகீழாகிவிடுகிறது. தமிழில் உருபு செய்யும் தொழிலை ஆங்கிலத்தில் இடம் செய்கிறது. ஆங்கில வாக்கிய இலக்கணத்தின் பெரும்பகுதி இவ்வொரு வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

ஆங்கிலம் தொடக்கத்திலேயே இவ்வாறு இருந்ததன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தில் வழங்கிய பழைய ஆங்கிலத்திலே பெயர்கள் வேற்றுமைக்கேற்ப உருமாறின. ஆண்பாற் பெயருக்கு முன்னே வரும் ‘அந்த’ என்னும் சுட்டுச்சொல்கூட எழுவாயோடு வருமிடத்து ‘ஸே’ என்றும், செயப்படுபொருளோடு வருமிடத்துத் ‘தோனே’ என்றும் வேறுபட்டு நின்றது. ஆகவே சொற்களை முன்பின்னாக மாற்றுவதற்கு அக்காலத்து ஆங்கிலேயருக்கு அதிக சுதந்திரம் இருந்தது. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் ஸ்கந்திநேவிய மக்கள் அந்நாட்டிற் குடியேறினர். அவர்கள் மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் வேர்ச்சொற்கள் பல ஒத்திருந்தன; விகுதிகள் வேறுபட்டிருந்தன. இருசாராரும் கலந்து பேசியபோது விகுதிகள் தேய்ந்தன. 1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி வழங்கிற்று. ஆங்கிலம் பெரும்பாலும் பொதுமக்களின் வாய்மொழியாய் நின்றது. சொல்லின் முதலசையை அழுத்தி உச்சரிக்கும் வழக்கத்தினால் ஈற்றசைகள் முன்னரே வலுவிழந்திருந்தன. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியிற் சோசர் என்னும் புலவர் எழுதிய காலத்தில் உருபுகளிற் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. அவை செய்த தொழிலைச் சொற்களின் வரிசையும், பெயருக்கு முன்னே வரும் முன்னிடைச் சொற்களும் ஏற்றுக்கொண்டன.

பழைய முறையின் எச்சம் இன்றும் சில சொற்களில் உண்டு. ‘ஹி’ என்பது அவன். ‘ஹிம்’ என்பது அவனை. ‘ஐ’ என்பது நான். ‘மீ’ என்பது என்னை. இவை ஆங்கிலம் இழந்துவிட்ட வேற்றுமைச் செல்வத்தில் எஞ்சிய சில காசுகள். தமிழோ அச்செல்வத்தை இழக்கவில்லை. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் உள்ள ஒன்பது இயல்களுள் மூன்று வேற்றுமையைப் பற்றியவை என்பது, தமிழ் வாக்கியத்துக்கு வேற்றுமை எத்துணை இன்றியமையாதது என்பதைக் காட்டும்.

இவ்வேறுபாட்டைப் பாடசாலைகளில் முதலிற் கற்பிக்காது விட்டமைக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. ஆங்கிலத்துக்கு முதன்முதல் எழுதப்பட்ட இலக்கண நூலாகக் கருதப்படுவது வில்லியம் புல்லோகர் என்பவர் 1586இல் வெளியிட்ட சிறுநூலாகும். அந்நூல் இலத்தீன் இலக்கணத்தை முன்மாதிரியாகக் கொண்டது. இலத்தீனோ தமிழைப்போல உருபுகள் நிறைந்த மொழி. இலத்தீனுக்குத் தைத்த சட்டையை ஆங்கிலத்துக்கு அணிவிக்கும் இவ்வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. அதன் பயனாக, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே எடுத்து, இது இன்ன வகை, இன்ன எண், இன்ன வேற்றுமை என்று பெயர் சூட்டுவதே இலக்கணப் பாடமாயிற்று. பெயர் சூட்டத் தெரிந்த மாணவனுக்கு வாக்கியம் அமைக்கத் தெரியாமற் போனது வியப்பன்று. ஒரு தச்சனுடைய பெட்டியிலுள்ள கருவிகளின் பெயரையெல்லாம் மனனம் செய்தவன் ஒரு நாற்காலியைச் செய்துவிட முடியாது.

இருபதாம் நூற்றாண்டிலே இதற்கு மாறான வழியைக் காட்டியோர் சிலர். சி. ரி. ஆனியன்ஸ் என்னும் அறிஞர் 1904இல் வெளியிட்ட நூலில் ஆங்கிலப் பயனிலையை ஐந்து வடிவங்களில் அடக்கிக் காட்டினார். ஏ. எஸ். ஹோர்ண்பி என்பவர் 1924இல் ஜப்பானுக்கு ஆசிரியராகச் சென்றார். ஜப்பானிய மொழியும் தமிழைப் போன்றே வினையை இறுதியில் வைப்பது. உருபு போன்ற இடைச்சொற்களைப் பெயருக்குப் பின்னே சேர்ப்பது. ஆகவே தமிழ் மாணவர் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டையே அவருடைய மாணவரும் எதிர்கொண்டனர். ஒவ்வொரு வினைச்சொல்லும் எவ்வகை வாக்கிய அமைப்பில் வரும் என்பதைக் காட்டும் அகராதியொன்றை ஹோர்ண்பியும் அவர்தம் தோழரும் தொகுத்தனர். அது 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. ஹோர்ண்பி 1954இல் வெளியிட்ட வழிகாட்டி நூலொன்றில் இருபத்தைந்து வினை அமைப்புகளை வகுத்துக் கூறினார். இருபத்தைந்தையும் எடுத்த எடுப்பில் மனத்திலிருத்த வேண்டியதில்லை. ஐந்து அடிப்படை அமைப்புகளை அறிந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

முதலாவது, எழுவாயும் வினையும் மட்டும் வருவது. ‘பேர்ட்ஸ் ஃப்ளை’, அதாவது பறவைகள் பறக்கின்றன என்பது போல. இதில் இடர்ப்பாடு இல்லை.

இரண்டாவது, எழுவாய் இன்னது அல்லது இத்தன்மையது என்று கூறுவது. ‘அவள் ஓர் ஆசிரியை’ என்று தமிழிற் கூறுமிடத்து வினைச்சொல் வேண்டுவதில்லை, பெயரே பயனிலையாகிறது. ஆங்கிலத்தில் வினையின்றி வாக்கியம் நிறைவுறாது. ‘ஷி இஸ் எ டீச்சர்’ என்று ‘இஸ்’ என்பதை இடையே நிறுத்தியே ஆக வேண்டும். தமிழ் மாணவர் அதனை விட்டுவிடுவது சோம்பலினால் அன்று. தாய்மொழியில் அதற்கு ஈடான சொல் வராமையினாலேயாம். காரணத்தை அறிந்த ஆசிரியர் கடிந்துகொள்ள மாட்டார். வேறுபாட்டை எடுத்துக் காட்டுவார்.

மூன்றாவது, எழுவாய், வினை, செயப்படுபொருள் என மூன்றும் வருவது. ‘த ஃபார்மர் சோல்ட் த ரைஸ்’ என்றால் விவசாயி அரிசியை விற்றார் என்பது பொருள். ‘ராமா கில்ட் ராவணா’ என்பதும் இவ்வகையினதே. தமிழில் வினை ஈற்றில் நிற்க, ஆங்கிலத்தில் அது நடுவில் வந்து எழுவாயையும் செயப்படுபொருளையும் பிரித்து வைக்கிறது. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் இடையே வேறொரு சொல் நுழைவதை ஆங்கிலம் எளிதில் விரும்பாது. ‘நேற்று’ என்னும் சொல்லை வாக்கியத்தின் முதலிலோ இறுதியிலோ வைக்கலாம். ‘சோல்ட்’ என்பதற்கும் ‘த ரைஸ்’ என்பதற்கும் நடுவே வைத்தல் வழக்கன்று.

நான்காவது, கொடுத்தல் போன்ற வினைகளுக்கு உரியது. ‘அவள் பிள்ளைக்குப் பழத்தைக் கொடுத்தாள்’ என்பதில் ‘கு’ உருபு பெறுபவரையும், ‘ஐ’ உருபு பொருளையும் காட்டுகின்றன. ஆங்கிலத்தில் ‘ஷி கேவ் த சைல்ட் எ ஃப்ரூட்’ என்பர். முதலிற் பெறுபவர், பின்னர்ப் பொருள். இங்கும் உருபு இல்லை, வரிசையே உருபு. பொருளை முன்னே வைத்துச் சொல்ல விரும்பினால், பெறுபவருக்கு முன்னே ‘டு’ என்னும் முன்னிடைச் சொல்லைச் சேர்த்து, ‘ஷி கேவ் எ ஃப்ரூட் டு த சைல்ட்’ என்று கூற வேண்டும். இடம் மாறியவுடன் துணைக்கு ஒரு சொல் வந்து நிற்பதை நேயர்கள் கவனிக்கலாம்.

ஐந்தாவது, செயப்படுபொருளைப் பற்றி மேலும் ஒன்று கூறுவது. ‘அவரைத் தலைவராகத் தெரிவு செய்தார்கள்’ என்பதில் வரும் ‘ஆக’ என்பதற்கு ஈடாக ஆங்கிலத்தில் ஒன்றும் வேண்டியதில்லை. ‘தே எலெக்டட் ஹிம் செயர்மன்’ என்று, ‘ஹிம்’ என்பதன் பின்னே ‘செயர்மன்’ என்பதை நிறுத்தினாற் போதும்.

இவ்வைந்துடன் தமிழ் மாணவர் அறிந்திருக்க வேண்டிய வேறுபாடுகள் இன்னும் மூன்று உள.

முதலாவது வேறுபாடு எழுவாயைப் பற்றியது. ‘வந்தேன்’ என்னும் ஒரு சொல்லிலே வந்தவர் யார் என்பது விளங்குகிறது. ‘ஏன்’ என்னும் விகுதி அதனைக் காட்டுகிறது. ஆங்கில வினையோ அவ்விகுதிகளை ஏறக்குறைய முற்றாக இழந்துவிட்டது. ‘கேம்’ என்று மட்டும் சொன்னால் வந்தவர் நானோ, நீயோ, அவரோ, அவர்களோ என்பது தெரியாது. ஆகவே ஆங்கிலக் கூற்றில் எழுவாய் வெளிப்படையாக நிற்க வேண்டும். ஏவல் வாக்கியம் இதற்கு விலக்கு. எழுவாயாக நிற்பதற்கு ஒன்றும் இல்லாதபோதும் அவ்விடத்தை ஆங்கிலம் வெறுமையாக விடுவதில்லை. ‘இட் இஸ் ரெய்னிங்’ என்பதில் உள்ள ‘இட்’ எதனையும் சுட்டவில்லை. எழுவாயின் ஆசனத்தை நிரப்பவே அது வந்தது.

இரண்டாவது வேறுபாடு வினாவைப் பற்றியது. தமிழில் ‘அவர் வந்தார்’ என்பதோடு ‘ஆ’ என்னும் எழுத்தைச் சேர்த்து ‘அவர் வந்தாரா?’ என்று வினாவுவர். ஆங்கிலத்தில் வினாவும் இடமாற்றத்தினாலேயே உணர்த்தப்படுகிறது. ‘ஹி இஸ் ஹியர்’ என்பது கூற்று. ‘இஸ் ஹி ஹியர்?’ என்பது வினா. முன்னே நகர்த்தத் துணைவினை இல்லாத வாக்கியத்தில் ‘டூ’ என்னும் துணைவினை உதவிக்கு வருகிறது. அது காலத்தையும் தானே சுமந்துகொள்கிறது. எனவே ‘டிட் ஹி கம்?’ என்றே வினாவ வேண்டும். ‘டிட் ஹி கேம்?’ என்பது பிழை. காலத்தை ‘டிட்’ எடுத்துக்கொண்டபின் முதன்மை வினைக்கு அச்சுமை இல்லை.

மூன்றாவது வேறுபாடு இருமொழிகளும் செல்லும் திசையைப் பற்றியது. ‘வீட்டின் பின்னால் மரத்தின் கீழ்’ என்னும் தொடரில் வீடு, பின், மரம், கீழ் என்ற வரிசை அமைந்துள்ளது. ஆங்கிலத்தில் இது ‘அண்டர் த ட்ரீ பிஹைண்ட் த ஹவுஸ்’ என வரும். கீழ், மரம், பின், வீடு என்று வரிசை அப்படியே திரும்பிவிடுகிறது. கண்ணாடியிலே தோன்றும் உருவத்தின் வலமும் இடமும் மாறுவது போன்றதே இதுவும். தமிழிலே பெயரைச் சிறப்பிக்கும் தொடர்கள் யாவும் பெயருக்கு முன்னே வரும். ‘கொழும்பிலிருந்து வந்த பெரியவர்’ என்பர். ஆங்கிலத்தில் பெரியவர் முதலில் வந்து, அவர் கொழும்பிலிருந்து வந்த செய்தி அவரைப் பின்தொடரும். நீண்ட ஆங்கில வாக்கியத்தைத் தமிழிற் பெயர்க்கத் திணறும் மாணவர், இறுதியிலிருந்து தொடங்கி முன்னோக்கி வருவாராயின் பெரும்பாலும் வழி கிடைக்கும்.

முதலிற் கூறிய விடுமுறைக் கடித வாக்கியத்தை இவ்வறிவைக்கொண்டு அமைத்துப் பார்க்கலாம். ‘நேற்று எனக்குக் காய்ச்சலாக இருந்தமையாற் பாடசாலைக்கு வர இயலவில்லை’ என்பதில் மாணவன் முதலிற் கேட்க வேண்டிய வினா, இயலாதவர் யார் என்பது. தமிழ் வாக்கியத்தில் ‘நான்’ என்னும் சொல்லே இல்லை. ஆங்கிலத்தில் அது வேண்டும். ஆகவே ‘ஐ’ என்று தொடங்க வேண்டும். என்ன நிகழ்ந்தது? வர இயலவில்லை, ‘குட் நொட் கம்’. எங்கே? ‘டு ஸ்கூல்’. எப்போது? ‘யெஸ்டர்டே’. ஏன்? ‘பிகோஸ் ஐ ஹாட் ஃபீவர்’. ‘எனக்கு’ என்னும் நான்காம் வேற்றுமையை ‘டு மீ’ என்று பெயர்க்க முற்படும் மாணவர் பலர். பசி, காய்ச்சல், விருப்பம் முதலியவற்றைத் தமிழ் ‘எனக்கு’ என்று கூறும். ஆங்கிலம் பெரும்பாலும் ‘ஐ’ என்று எழுவாயாக்கிக் கூறும். இப்போது வாக்கியம் முழுமையாகிறது: ‘ஐ குட் நொட் கம் டு ஸ்கூல் யெஸ்டர்டே பிகோஸ் ஐ ஹாட் ஃபீவர்’. யார், என்ன செய்தார், எதனை, எங்கே, எப்போது, ஏன் என்னும் ஆறு வினாக்களை இவ்வொழுங்கிலே கேட்டு, விடையுள்ளவற்றை மாத்திரம் எழுதினால் எளிய ஆங்கில வாக்கியங்களிற் பெரும்பாலானவை தாமாகவே அமைந்துவிடும்.

வரிசையை அறிந்தமையால் ஆங்கிலம் முழுவதும் கைவந்துவிடும் என்பதன்று. ‘எ’ என்பது எங்கே, ‘த’ என்பது எங்கே என்பதும், எந்த வினையோடு எந்த முன்னிடைச் சொல் சேரும் என்பதும், எழுத்துக்கூட்டலும் பழக்கத்தினாலன்றி வாரா. அவற்றுக்கு வாசிப்பும் கேள்வியும் காலமும் வேண்டும். ஆயினும் வாக்கியத்தின் வரிசை செம்மையாக இருக்குமாயின், ‘எ’ என்பதோ ‘த’ என்பதோ விடுபட்டபோதும் கருத்து விளங்கிவிடும். வரிசை குலைந்துவிட்டாலோ, மற்றவையெல்லாம் சரியாக இருந்தும் கருத்துக் கெடும். எது சுவர், எது சுண்ணச்சாந்து என்று அறிந்து, சுவரை முதலில் எழுப்புவதே அறிவுடைமை.

இதிலிருந்து ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் ஓர் உண்மை புலனாகும். பிள்ளைக்கு ஆங்கிலம் வர வேண்டுமாயின் தமிழை ஒதுக்கிவைக்க வேண்டும் என்று எண்ணுவோர் இன்று பலர். தமிழ்ப் பாடத்தில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருளைச் செம்மையாக அறிந்த பிள்ளையே ஆங்கில வாக்கியத்தின் இடங்களை விரைவில் அறிந்துகொள்ளும். ‘ஐ’ உருபின் தொழிலை அறிந்தவனுக்கே அவ்வுருபு இல்லாத மொழியில் அத்தொழிலை எது செய்கிறது என்று கேட்கத் தோன்றும். கிராமப் பாடசாலையிற் கற்கும் மாணவனிடம் ஆங்கிலம் பேசும் வீடு இல்லாதிருக்கலாம். விலையுயர்ந்த நூல்கள் இல்லாதிருக்கலாம். அவனுடைய தமிழ் இலக்கண அறிவு அவன் கையில் இருக்கிறது. ஆசிரியர் அதனை எடுத்து ஆங்கிலத்தின் பக்கத்திலே வைத்துக் காட்ட வேண்டும். நாள்தோறும் ஐந்து தமிழ் வாக்கியங்களை எடுத்து, மேலே கூறிய வினாக்களைக் கேட்டு, அவற்றை ஆங்கிலத்தில் அமைத்துவரும் மாணவன் ஒரு தவணை முடிவதற்குள் தன் முன்னேற்றத்தைத் தானே காண்பான். விடுமுறைக் கடிதத்தை எழுதித் தரும்படி அவன் பிறரை நாட வேண்டியிராது.